அந்தமான்ல கடற்கரைப் பறவைங்க, கடல் உயிரினங்கள படம் எடுக்க 70-300 எம்எம் லென்ஸ் போதுமா, 600 எம்எம் வாடகைக்கு எடுக்கணுமா?

தாராளமா போதும். 600 எம்எம்-ஐ தூக்கிட்டு ஃபெர்ரியில ஏறி இறங்கி, வெயில்ல மணல்ல நடந்து, கூட வர்ற வீட்டுக்காரங்க மூஞ்சியையும் பாக்கணும்ல. அந்த வாடகைக் காச மிச்சம் பிடிச்சு நீல் தீவுல (இப்ப பேரு ஷஹீத் த்வீப்) ஒரு நாள் கூடுதலா தங்கிடுங்க, அதுல கிடைக்கிற படம் அதிகம்.

எந்த மாசம் போறீங்கன்னு கேள்வியில சொல்லல. நம்ம ஊர் வழக்கப்படி ஸ்கூல் லீவு விட்டதும் மே மாசம் கிளம்புறதா இருந்தா பறவை ஆசைய கொஞ்சம் குறைச்சுக்கோங்க, உள்ளான், உப்புக்கொத்தி மாதிரி கரையோரம் மேயுற சின்னப் பறவைங்க எல்லாம் பெரும்பாலும் குளிர்காலத்துக்கு வர்ற விருந்தாளிங்க, ஏப்ரலோட முக்கால்வாசி வடக்கே முட்டை போட கிளம்பிடும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் போனா நல்லா கிடைக்கும். கரைக் கொக்கு மட்டும் வருஷம் பூரா அங்கயே இருக்கும், ஒரே இனத்துல கருஞ்சாம்பல் கலர்லயும் இருக்கும், சுத்த வெள்ளையாவும் இருக்கும், ரெண்டும் ஒரே பாறையில நின்னா விட்டுடாதீங்க.

அடுத்தது டைட் டேபிள், அதாவது கடல் தண்ணி எப்ப ஏறும், எப்ப வத்தும்னு சொல்ற அட்டவணை. ஹோட்டல் புக் பண்றதுக்கு முன்னாடியே அத பாருங்க, நெட்ல ஃப்ரீயா கிடைக்குது. கடல் முழுசா வத்துனதுல இருந்து முழுசா ஏற சுமாரா 6 மணி நேரம் ஆகும், தினமும் வத்துற, ஏறுற நேரம் ஒரு 50 நிமிஷம் தள்ளிப் போகும், அமாவாசை பௌர்ணமி ஒட்டி ரொம்ப தூரம் உள்வாங்கும். தண்ணி வத்தி இருக்கப்ப பறவைங்க எங்கயோ தூரத்துல புள்ளி மாதிரி மேஞ்சுட்டு இருக்கும், எல்லாரும் அத துரத்திட்டு ஓடுவாங்க, அது பறந்துடும். அதுக்கு பதிலா தண்ணி ஏற ஆரம்பிக்கறப்ப கரைப்பக்கமா சூரியன முதுகுக்கு வச்சு மணல்லயே உக்காந்துடுங்க, முடிஞ்சா குப்புற படுங்க. தண்ணி ஏற ஏற அதுங்களுக்கு மேய இடம் சுருங்கிட்டே வரும், தானா உங்க பக்கம் வரும், 300 எம்எம்-லயே ஃபிரேம் நிறையும். உப்புக்கொத்திய கவனிச்சீங்கன்னா குடுகுடுன்னு ஓடும், டக்குனு நிக்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். அந்த நிக்கிற நேரத்துல அமுக்குங்க. ஷட்டர் ஸ்பீடு 1/1000 செகண்டுக்கு கீழ, அதாவது அத விட மெதுவா போகாதீங்க. வெள்ளை மணல்ல கேமரா ஏமாந்து படத்த இருட்டாக்கும், எக்ஸ்போஷர (படத்தோட வெளிச்ச அளவ) கொஞ்சம் பிளஸ்ல வைங்க, கறுப்புப் பாறை மேல வெள்ளைக் கொக்குன்னா மைனஸ்.

ஒண்ணு மட்டும், ஓடை கடல்ல சேர்ற இடத்துல, மாங்க்ரோவ் (அலையாத்திக் காடு) பக்கம் இப்படி படுக்காதீங்க, உப்புத்தண்ணி முதலை உள்ள ஊரு அது, போர்டு வச்சிருப்பாங்க.

போர்ட் பிளேர்லயே (இப்ப ஸ்ரீ விஜயபுரம்) இருக்கிற நாள்ல சிப்பிகாட்ங்கிற சதுப்பு நிலத்துக்குப் போங்க. 2004 சுனாமியப்போ நிலம் தாழ்ந்து, வயலா இருந்த இடத்துல கடல் தண்ணி புகுந்து சதுப்பாயிடுச்சு, மனுஷனுக்கு நஷ்டம், பறவைக்கு லாபம். ரோட்டோரம் நின்னே எடுக்கலாம்.

கடல் உயிரினத்துக்கு நீல் தீவு லக்ஷ்மண்பூர் 2 பீச் தான் என் சாய்ஸ். தண்ணி வத்துனதும் பாறைக்குழிகள்ல நண்டு, கடல் அட்டை, குட்டி மீன் எல்லாம் மாட்டிக்கிட்டு இருக்கும். இங்க பெரிய லென்ஸ்க்கு வேலையே இல்ல, மொபைல் போதும், ஆனா ஒரு போலரைசர் ஃபில்டர் இருந்தா தண்ணி மேல வானம் பளபளக்கிறது போய் அடி தெளிவா தெரியும், இல்லன்னா குடைய பிடிச்சு நிழல் போடுங்க, அதுவே பாதி வேலைய செஞ்சிடும். சில கைடுங்க கடல் அட்டைய தூக்கி உங்க கையில வச்சு போட்டோ எடுத்துக்கோங்கன்னு சொல்லுவாங்க, வேண்டாம்னு சொல்லிடுங்க. பவளத்து மேல கால் வைக்காம மணல் பாத்து நடங்க. காலி சங்கு கிடந்தாலும் எடுக்காதீங்க, அதுக்குள்ள குடியேற நண்டு காத்துட்டு இருக்கும், ஏர்போர்ட் செக்கிங்லயும் மாட்டுவீங்க.

ஸ்நார்க்கலிங்ல (மூச்சுக்குழாய் வச்சு தண்ணி மேலாப்புல நீந்துறப்ப) எடுக்கறதா இருந்தா ரெண்டு மூணு மீட்டர் ஆழத்துக்குள்ளயே எடுங்க, அதுக்கு கீழ போகப் போக சிவப்பு கலர தண்ணி முழுங்கிடும், எல்லாம் நீலமா தான் வரும்.

டிசம்பர்ல போனா அங்க சாயங்காலம் 5 மணி வாக்குலயே சூரியன் மறைஞ்சிடும், அதனால ஹோட்டல் டிபனுக்கு காத்திருக்காம விடியறப்பவே இறங்கிடுங்க. கேமராவ மட்டும் ராத்திரி ஏசி ரூம்ல வைக்காம, பைக்குள்ள ஜிப் போட்டு பாத்ரூம்லயோ பால்கனி பக்கமோ வைங்க, இல்லன்னா வெளிய வந்ததும் லென்ஸ் மூடுபனி கட்டி அரை மணி நேரம் வீணா போகும். திரும்ப வந்ததும் நல்ல தண்ணியில நனைச்சு பிழிஞ்ச துணியால கேமரா பாடிய துடைச்சிடுங்க, உப்பு உள்ள இறங்குனா சர்வீஸ்காரனுக்கு தான் கொண்டாட்டம்.