ஆட்சி கவிழ்ந்தால் ஆட்சிமுறையே நிலையற்றதா?

நாடாளுமன்ற முறை உள்ள இத்தாலியில் அடிக்கடி ஆட்சி மாறுவதை வைத்து, அதிபர் முறைதான் நிலையானது என்று கட்டுரையை முடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். அமைச்சரவை கவிழ்வது வேறு, அரசமைப்பே கவிழ்வது வேறு. இத்தாலியில் 1946-க்குப் பிறகு 60-க்கும் மேற்பட்ட அமைச்சரவைகள் வந்து போய்விட்டன. 1948-இன் அரசமைப்புச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

அதிபர் முறை உள்ள சிலியைப் பாருங்கள். 1970-இல் சோசலிஸ்ட் தலைவர் சால்வதோர் அயெந்தே சுமார் 36 சதவீத வாக்குகளோடு ஆறாண்டுக்கு அதிபரானார். நாடாளுமன்றப் பெரும்பான்மை எதிரணியிடம். ஆனால் அவரை நீக்கத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு அவர்களிடம் இல்லை. இரு தரப்பும் முட்டிக்கொண்டு நிற்க, 1973-இல் ராணுவம் புகுந்து ஆட்சியைப் பிடித்தது. (வெளிநாட்டுத் தலையீடும் இருந்தது, அதை விட்டுவிடாதீர்கள்.)

அப்புறம், நாடாளுமன்ற முறை உள்ள ஜெர்மனியையும் சேருங்கள். அங்கே மாற்றுப் பிரதமரைத் தேர்ந்தெடுக்காமல், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இருப்பவரை இறக்க முடியாது. அப்படி இறக்கியது ஒரே முறை, 1982-இல்.