டிக்கெட் காசும் மீன் தலையும்

அண்ணே வணக்கம். எனக்கு ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம், இப்ப சிங்கப்பூர்ல மூணாவது வருஷம் படிக்கிறேன். போன டிசம்பர் லீவுல யுனிவர்சிட்டிலேர்ந்து ஒரு குரூப்பா கம்போடியாவுக்கு ரெண்டு வாரம் சேவைப் பயணம் போனோம், தோன்லே சாப் ஏரிக்கரையில ஒரு கிராமம். ஸ்கூலுக்கு பெயிண்ட் அடிச்சோம், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தோம். வந்ததுலேர்ந்து ஒரே உறுத்தல். எங்க டிக்கெட் காசை அப்படியே குடுத்திருந்தா அவங்களே ஆள் வச்சு ரூமே கட்டிருப்பாங்கல்ல? ஒரு பாட்டி பொடி மீனுக்கு தலை கிள்ளிக்கிட்டு இருந்தாங்க, நானும் உக்காந்து கிள்ளுனேன், என் கை வேகத்தப் பாத்து சிரிச்சாங்க. அது மட்டும்தான் மனசுல நிக்குது. எங்க அம்மாச்சி கடல்பாசி எடுக்கப் போறவங்க, அவங்ககூட ஒருநாளும் நான் போனதில்ல. இப்படி வெளிநாடு போனது தப்பாண்ணே?

தங்கச்சி,

தப்பெல்லாம் இல்ல, ஆனா சேவைங்கிற பேருதான் உதைக்குது. பாம்பன்ல எங்க தெருவுக்கும் ஒருதடவ வெளிநாட்டு காலேஜ் பிள்ளைக வந்துச்சுக, பன்னெண்டு நாளு. பால்வாடி செவுத்துல டால்பின் வரைஞ்சாங்க, நல்லாத்தான் இருந்துச்சு, அடுத்த மழைக்குள்ள உப்புக்காத்து பாதிய உரிச்சிருச்சு. அந்த பன்னெண்டு நாளும் அதுகளுக்கு காரமில்லாம கொழம்பு வச்சு, வெயில்ல மயங்குனா மோர் குடுத்து, ராத்திரி பாத்ரூமுக்கு டார்ச் அடிச்சு தொணைக்குப் போனது எங்க சித்திமாருதான், இப்ப நீயே சொல்லு யாரு யாருக்கு சேவை செஞ்சது? அதுல ஒரு பொண்ணு மட்டும் பெயிண்ட் பக்கமே போகல, பாசி காயப்போடுற எடத்துல வந்து உக்காந்து எது கட்டக்கோரைப் பாசி எது மரிக்கொழுந்துப் பாசின்னு பிரிக்கப் பழகுச்சு. சித்தி இன்னைக்கும் அந்தப் பொண்ணத்தான் கேக்குது, டால்பின யாரும் கேக்கல.

1968லயே இவான் இல்லிச்னு ஒரு பாதிரியார் மெக்சிகோவுல அமெரிக்க ஸ்டூடண்ட்ஸ நிக்கவச்சு, பாக்க வாங்க படிக்க வாங்க, உதவி பண்றோம்னு மட்டும் வராதீங்கன்னு மொகத்துக்கு நேரா சொன்னாரு. எனக்கு அது கொஞ்சம் ஓவராத்தான் படும். ஆனா நீ போன அதே கம்போடியாவுல அனாதை இல்லங்கள்ல இருக்குற பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பனோ ஆத்தாளோ உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சப்ப அந்த மனுசன் பேச்சுதான் ஞாபகம் வந்துச்சு, பாக்க வர்ற ஆளும் காசும் இருக்குற வரைக்கும் பிள்ளையும் வேணும்ல.

டிக்கெட் காசு கணக்கு சரிதான். ஆனா காசை அனுப்பிருந்தா அந்தப் பாட்டி பக்கத்துல உக்காந்திருக்க மாட்ட. அவங்க தலை கிள்ளுனது ப்ரஹோக்குக்கு, மீன நசுக்கி உப்பு போட்டு மாசக்கணக்குல ஊறவைப்பாங்க, நம்ம கருவாடு மாதிரி அவங்களுக்கு. மழைக்காலத்துல மெகாங் ஆத்துல தண்ணி ஏறி, ஏரியிலேர்ந்து அதுல போய்ச் சேர்ற ஆறே திரும்பி ஏரிக்குள்ள ஓடும், அப்புறம் வடியிறப்ப மீனு கூட்டங்கூட்டமா எறங்கும், நீ போனது சரியா அந்த சீசன். அங்க அந்தப் பொடி மீனுக்கும் ரியல்னுதான் பேரு, காசுக்கும் ரியல்தான். இதெல்லாம் பாட்டிகிட்ட கேட்டியா, இல்ல பெயிண்ட் டப்பாவ தூக்க ஓடிட்டியா?

அடுத்த தடவ ஊருக்கு வர்றப்ப அமாவாச, பௌர்ணமி பாத்து டிக்கெட் போடு, பாசிக்கு எறங்குறது அத ஒட்டின நாள்லதான். அம்மாச்சி வெரலுக்கு துணி எப்படி சுத்துறாங்கன்னு கரையிலயே பாத்துக்க, சும்மா எறங்குனா பாறை கையக் கிழிச்சிரும்.