முகச் சுருக்கத்துக்குப் பணம் கட்டும் முன்: வேலூர் வாசகர் கேள்விகள்

கேள்வி (காந்தி நகர், காட்பாடி): எனக்கு 47 வயது, மாநிறம். கன்னத்தில் மங்கு, நெற்றியில் கோடுகள். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். ஒரு ஸ்கின் கிளினிக்கில் நாலு லேசர், நாலு பீல் (அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிப்பது), நாலு பி.ஆர்.பி. (சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை முகத்தில் ஊசியால் ஏற்றுவது) எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் என்கிறார்கள். இன்றே அட்வான்ஸ் கட்டினால் 5,000 குறைப்பார்களாம். இப்போது சித்திரை. ஆரம்பிக்கலாமா?

பதில்: அட்வான்ஸ் கட்டாதீர்கள். மங்கு வேறு, கோடு வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. மங்கு இருக்கும் கன்னத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசர் அடித்தால் அது இன்னும் கருக்கவே வாய்ப்பு அதிகம். மாநிறத் தோல் சூடு பட்டாலோ புண்ணானாலோ நிறமியைச் சுரந்து தள்ளும். ஒரு வாரத்தில் ஆறிவிடுகிற சிவப்பு, மாதக்கணக்கில் கருந்தழும்பாக நின்றுவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் காட்பாடி பாலத்தைத் தாண்டி ஸ்கூட்டரில் தினமும் போய் வருகிறவர் அந்த நேரத்தில் லேசரும் பீலும் செய்துகொள்வது, கருக்க வைக்கவே பணம் கொடுப்பது போலாகிவிடும்.

ஆவணிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அது போதும். முதலில் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையக் கூடாது. மங்கு இருப்பதால் தோல் நிறம் கலந்த வகையாகப் பாருங்கள். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். மங்கை அந்த வெளிச்சமும் தூண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒருமுறைக்கான அளவு, ஏறக்குறைய ஒன்றேகால் கிராம். 50 கிராம் டியூப் தினம் ஒருமுறை போட்டால் 40 நாளில் தீர வேண்டும், இருமுறை போட்டால் மூன்று வாரத்தில். ஆறு மாதமாக ஒரே டியூப் ஓடுகிறது என்றால் நீங்கள் போடும் பூச்சு வெயிலைத் தடுக்கவில்லை.

இரவில் டிரெடினோயின் 0.025 சதவீத கிரீம், டாக்டர் சீட்டுடன். முகம் கழுவி, நன்றாக உலர விட்டு, 20 நிமிடம் கழித்துப் பட்டாணி அளவு எடுத்து முழு முகத்துக்கும் பூசுங்கள். கண் ஓரம், மூக்கு மடல், வாய் ஓரம் வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எரிச்சலும் உரிதலும் இருக்கும். அதற்குப் பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மாய்ஸ்சரைசர் பூசி, இடைவெளியைக் கூட்டித் தொடருங்கள். கோடு மெல்லிதாவது தெரிய மூன்று மாதம் பிடிக்கும். இதைப் போடும் நாட்களில் பார்லரில் மேலுதட்டுக்கு வேக்ஸிங் செய்தால் தோலே கூடப் பிய்ந்து வரும். ஒரு வாரம் முன்பே கிரீமை நிறுத்திவிட்டுப் போங்கள். கர்ப்பமாக இருப்பவரும் கருத்தரிக்கத் திட்டமிடுபவரும் இதைத் தொடக் கூடாது.

பீல் வேண்டுமென்றால் வெயில் தணிந்த ஆனியில் இரண்டு பீல் மட்டும், நடுவில் மூன்று வார இடைவெளி விட்டு. கடைசி பீலுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் முழுசாக ஒரு மாதம் இருக்கட்டும். பீலுக்கு ஒரு வாரம் முன் டிரெடினோயினை நிறுத்த வேண்டும். அதைக் கேட்காமலே பீல் போட உட்கார வைக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கிளைகாலிக் பீல் நடக்கும் விதம் இது: எண்ணெய்ப் பசையைத் துடைத்து, உதடு ஓரத்திலும் கண் ஓரத்திலும் வாசலின் தடவி, பிரஷ்ஷால் அமிலத்தைப் பூசுவார்கள். பூசிய நொடியிலிருந்து கடிகாரம் ஓட வேண்டும். முதல் தடவை 20 முதல் 35 சதவீதம், ஒன்று முதல் மூன்று நிமிடம். சுருக்கென்று இருந்தால் சகஜம். ஒரு இடம் மட்டும் திகுதிகுவென எரிந்தாலோ வெள்ளை பூத்தாலோ, நேரம் மீதியிருந்தாலும் அங்கே உடனே சோடியம் பைகார்பனேட் கரைசல் ஊற்றி அமிலத்தை முறிக்க வேண்டும். அந்தக் கரைசல் கிண்ணத்தில் தயாராகப் பக்கத்தில் இருக்கிறதா என்று படுக்கும் முன்பே பாருங்கள். பூசிவிட்டு ஊழியர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போவதில்தான் பல கருந்தழும்புகள் உண்டாகின்றன. சாலிசிலிக் பீல் வேறு வகை. அதை முறிக்க வேண்டியதில்லை. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அது ஆகாது.

பி.ஆர்.பி.யை விட்டுவிடுங்கள். முகச் சுருக்கத்தில் அது தரும் பலன், கேட்கும் விலைக்கு ஈடாக இன்னும் நிரூபணமாகவில்லை. செய்தே ஆக வேண்டுமென்றால் ஊசியும் குழாயும் உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும், உங்கள் இரத்தம் எடுத்த குழாயில் அப்போதே உங்கள் பெயர் எழுதப்பட வேண்டும். அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஒரு அழகு நிலையத்தில் இந்த பி.ஆர்.பி. ஃபேஷியல் செய்துகொண்டவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை 2024-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டது.

கேள்வி (சத்துவாச்சாரி): நெற்றி, புருவ நடு, கண் ஓரம், மூன்று இடத்துக்கும் சேர்த்து 12,000 ரூபாய்க்கு பொட்டாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) போட்டேன். இரண்டு மாதத்தில் கோடுகள் திரும்பிவிட்டன. மறுபடி போடச் சொல்கிறார்கள். ஏமாற்றப்பட்டேனா?

பதில்: பில்லில் எத்தனை யூனிட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். “மூன்று ஏரியா” என்று மட்டும் இருந்தால் நீங்கள் வாங்கிய பொருளின் அளவு உங்களுக்கே தெரியாது. அரிசியை மூட்டை என்று மட்டும் சொல்லி எடை சொல்லாமல் யாரும் வாங்குவதில்லை.

பொட்டாக்ஸ் பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட அளவு: புருவ நடுவுக்கு 20 யூனிட், நெற்றிக்கு 20, கண் ஓரங்களுக்குப் பக்கம் 12 வீதம் 24. ஆக மொத்தம் 64. தசை மெலிந்தவருக்கு டாக்டர் இதைக் குறைப்பது உண்டு, அதில் தவறில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 64 யூனிட் போட்டிருந்தால் நீங்கள் கொடுத்தது யூனிட்டுக்கு 187 ரூபாய் 50 காசு. 30 யூனிட் போட்டிருந்தால் 400 ரூபாய். அதே 12,000 தான். பிராண்டுக்கு பிராண்டு யூனிட்டும் ஒன்றல்ல. டிஸ்போர்ட்டில் எண்ணிக்கை இரண்டரை, மூன்று மடங்கு கூடுதலாக இருக்கும். அதனால் பிராண்டின் பெயரும் பில்லில் வேண்டும்.

மருந்து தூளாகக் குப்பியில் வரும். உப்பு நீர் விட்டுக் கரைப்பார்கள். 100 யூனிட் குப்பியில் இரண்டரை மில்லி விட்டால், சிரிஞ்சில் 0.1 மில்லிக்கு 4 யூனிட். கூடுதலாக நீர் விட்டால் சிரிஞ்சு நிறைந்துதான் தெரியும், மருந்து குறைந்திருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே சீல் உடைக்காத குப்பியைக் கேட்டுப் பாருங்கள்: பேட்ச் எண், காலாவதி தேதி, இறக்குமதி உரிமம், எம்.ஆர்.பி. குப்பியையும் உங்கள் பில்லையும் ஒரே படத்தில் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிராண்டுகள் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியவை. மே மாதத்தில் கூரியர் பெட்டியில் ஐஸ் இல்லாமல் வந்த குப்பி பலன் குறைந்து போயிருக்கலாம். மருந்து ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கப்படுகிறதா, மேஜை டிராயரிலிருந்தா என்பதைக் கவனியுங்கள்.

முழு அளவும் நல்ல மருந்தும் என்றால் 3 முதல் 5 நாளில் இறுக்கம் தளரத் தொடங்கும், 14-ஆம் நாள் முழுப் பலன் தெரியும், 3 முதல் 4 மாதம் நிற்கும். இரண்டு வாரத்தில் குறை தெரிந்தால் அப்போதே கேட்க வேண்டும். சிறு திருத்தம் அப்போதுதான். முகத்தைச் சுருக்காமல் சும்மா இருக்கும்போதும் பள்ளமாகத் தெரியும் கோடு பொட்டாக்ஸால் முழுதாகப் போகாது. இதை முன்கூட்டியே சொல்லாதவர் உங்களிடம் நியாயமாக நடக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் மறுபடி முழு டோஸ் போடாதீர்கள்; அடிக்கடி போட்டால் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கி மருந்து பலிக்காமல் போகக்கூடும்.

இமை தொங்கினால் பதற வேண்டாம், சில வாரத்தில் சரியாகும், சொட்டு மருந்து உண்டு. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கர்ப்பிணி, பாலூட்டும் தாய், மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு இது கூடாது.

மூக்கோரக் கோட்டுக்கு ஃபில்லர் (பள்ளத்தை நிரப்ப ஊசியால் ஏற்றும் ஜெல்) போடச் சொன்னால் ஒரே ஒரு கேள்வி: “ஹயலூரோனிடேஸ் கைவசம் இருக்கிறதா?” இரத்தக் குழாய்க்குள் ஹயலூரோனிக் அமில ஃபில்லர் போய்விட்டால் அதைக் கரைக்கும் மருந்து அது. தோல் வெளுப்பது, வலை வலையாக நீலம் பாரிப்பது, கடும் வலி, பார்வை மங்குவது, இவற்றில் எதுவும் காலை வரை காத்திருக்கும் விஷயமில்லை. அந்த மருந்து இல்லை என்று சொல்கிற இடத்தில் ஃபில்லர் போடாதீர்கள்.

கேள்வி (ஆம்பூர், ஷூ கம்பெனியில் வேலை): மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கிரீமை எட்டு மாதமாகப் பூசுகிறேன். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது ஒருநாள் விட்டாலும் சிவந்து எரிகிறது, பரு வருகிறது, கன்னத்தில் பூனைமுடி வளர்கிறது.

பதில்: டியூபின் பின்புறம் மோமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், ஃப்ளூசினோலோன் இவற்றில் ஏதேனும் இருக்கிறதா படியுங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. பளபளப்பு வந்ததும் அதனால்தான், இப்போது தோல் மெலிந்து எரிவதும் அதனால்தான். தோல் மேல் பூசும் ஸ்டீராய்டுகள் 2018-லிருந்து ஷெட்யூல் எச்-இல் உள்ளன. சீட்டில்லாமல் விற்பது விதிமீறல். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் எரிச்சல் பல மடங்கு கிளம்பும், பொறுக்க முடியாமல் மறுபடி அதையே பூசுவீர்கள். டியூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்த வழி சொல்வார். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கே போகலாம். ஷூ பசை, சாயம், தோல் பதனிடும் ரசாயனம் இவற்றில் கை வைக்கும் வேலை என்றால் அதையும் சொல்லுங்கள். அந்தக் கையால் முகத்தைத் தொடுவதாலும் ஒவ்வாமை வரும்.

டியூபில் தயாரிப்பாளர் முகவரியோ உட்பொருளோ இல்லாத வெளிநாட்டு கிரீம் என்றால் பாதரசம் இருக்கலாம். 2020-இன் அழகுப்பொருள் விதிகளின்படி, கண் பகுதிக்கான பொருட்கள் தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலந்ததுகூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கேரளத்தின் மலப்புரத்தில் 2023-ல் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. சிறுநீர் நுரைத்தாலோ கால் வீங்கினாலோ சிறுநீரில் புரதம் போகிறதா என்று பரிசோதியுங்கள்.

கேள்வி (ஆற்காடு): குளுட்டாதயோன் ட்ரிப் போட்டால் முகம் இளமையாகுமா?

பதில்: வேண்டாம். தோலை வெளுக்க வைக்கும் ஊசியாக அதற்கு இந்தியாவில் அனுமதி இல்லை. சுருக்கத்துக்கும் அதற்கும் தொடர்பும் இல்லை.

கேள்வி (குடியாத்தம்): ஆன்லைனில் டெர்மா ரோலர் (நுண் ஊசிகள் பதித்த உருளை) வாங்கினேன், ஊசி நீளம் 1.5 மில்லிமீட்டர். வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அது இரத்தம் வரும் ஆழம். டாக்டர் மரத்துப்போகும் கிரீம் பூசி, கிருமி நீக்கி, ஒருமுறை பயன்படுத்தும் ஊசியால், நாலு வாரத்துக்கு ஒருமுறை செய்வது. விலை குறைந்த ரோலரில் ஊசி முனை சீக்கிரம் வளைந்துவிடும். வளைந்த முனை குத்தாமல் கிழிக்கும். பரு மேல் உருட்டினால் சீழ் முகம் முழுக்கப் பரவும். உருட்டிய கையோடு வைட்டமின் சி சீரம் பூசினால் தோலுக்குள் கட்டி கட்டியாக அழற்சி வருவதும் உண்டு. பிரிக்காமல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். பிரித்திருந்தால் அக்கா தங்கைக்குக்கூடக் கொடுக்காதீர்கள், இரத்தத்தில் பரவும் நோய் ஒட்டும்.

கேள்வி (தொரப்பாடி): ஆறு சிட்டிங்குக்குப் பணம் கட்டி, முதல் பீலிலேயே கன்னம் வெந்துவிட்டது. மீதிப் பணம் கேட்டால் “கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், ரீஃபண்ட் கிடையாது” என்கிறார்கள். பணம் கட்டியது ஒரு லோன் ஆப் மூலம்.

பதில்: முதலில் கன்னம். வேறொரு தோல் மருத்துவரிடம் இன்றே போங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், உரியும் தோலைப் பிய்க்காதீர்கள், மஞ்சளோ எலுமிச்சையோ பற்றுப் போடாதீர்கள். என்ன பார்த்தார், எதனால் வந்தது என்று அவர் கைப்பட எழுதி வாங்குங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் இந்தத் தாளில்தான். தினமும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் போட்ட கையெழுத்து, சிகிச்சையில் வரக்கூடிய ஆபத்தைத் தெரிந்துகொண்டதற்கான சம்மதம். கவனக்குறைவை மன்னித்ததாக அதற்குப் பொருள் இல்லை. காசு வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. குறைபாடான சேவைக்கு, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்ப மறுப்பதும், பில் கொடுக்க மறுப்பதும் 2019 சட்டப்படி முறையற்ற வணிகம்.

கிளினிக்குக்கு எழுத்தில் கேளுங்கள்: எந்த அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம், பூசியவர் பெயரும் தகுதியும். மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும். பூசியவர் டாக்டர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பதிவு எண்ணைப் பாருங்கள். தோல் மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் எம்.டி. டி.வி.எல். போன்ற பட்டம் இருக்கும், காஸ்மெட்டாலஜி சான்றிதழ் மட்டும் போதாது. மருத்துவ நிறுவனப் பதிவுச் சான்றிதழ் சுவரில் இல்லையென்றால் மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்குப் புகார் அனுப்புங்கள்.

லோன் தனிக் கணக்கு. கிளினிக்கோடு சண்டை என்று தவணையை நிறுத்தினால் கடன் மதிப்பெண் உங்களுக்குத்தான் விழும். சேவை முழுதாகக் கிடைக்கவில்லை என்று கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் இன்றே மின்னஞ்சல் போட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். பல கிளினிக்குகள் அந்த அழைப்பிலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், பிறகு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பதால், கிளினிக் சென்னையில் இருந்தாலும் அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. பில், படிவ நகல், லோன் ஒப்பந்தம், இரண்டாம் டாக்டரின் குறிப்பு, படங்கள், எல்லாவற்றிலும் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள்.