நாளைக்கு லாரி டெஸ்டா? பயப்படாமல் கேளுங்கள்

கனரக வாகன லைசென்ஸுக்கான கடைசிப் படி, சாலைத் தேர்வு. அதற்குக் காத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: அண்ணா, நாளை மறுநாள் டெஸ்ட். பயிற்சியில் நன்றாகத்தான் ஓட்டுகிறேன். பக்கத்தில் தேர்வாளர் உட்காருவார் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது.

பதில்: நடுங்கட்டும் தம்பி, அதற்கெல்லாம் மார்க் குறைக்க மாட்டார்கள். பயத்தில் அவசரம் வருகிறதே, அதுதான் கெடுதல். கிளட்சைச் சட்டென்று விடுவோம், கண்ணாடியைப் பார்க்காமலே இண்டிகேட்டர் போடுவோம். டெஸ்ட் அன்று எல்லாவற்றையும் அரை நொடி பொறுத்துச் செய்யுங்கள், போதும். அவர் பேசாமல் ஏதோ எழுதிக்கொண்டே வருவார். எழுதுவதெல்லாம் நம் தப்பு என்று நினைக்க வேண்டாம். இந்த ஆளை இவ்வளவு பெரிய வண்டியோடு தனியாக ரோட்டில் விடலாமா என்பதுதான் அவர் பார்ப்பது. அப்புறம், கண்ணை மட்டும் உருட்டிக் கண்ணாடி பார்த்தால் அவருக்குத் தெரியாது; தலையும் கொஞ்சம் திரும்பட்டும்.

கேள்வி: நடுவில் வண்டி ஆஃப் ஆகிவிட்டால் ஃபெயிலா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பிரேக்கைப் பிடித்து, நியூட்ரல் போட்டு, ஸ்டார்ட் செய்து, கண்ணாடி பார்த்துக் கிளம்புங்கள். எதன் மேலாவது மோதுவது, சிவப்பு சிக்னலைத் தாண்டுவது, ஆபத்து என்று தேர்வாளரே தலையிடும்படி விடுவது, இவைதான் டெஸ்டை அங்கேயே முடித்துவிடும்.

கேள்வி: டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒவ்வொரு தடவையும் குழம்புகிறேன்.

பதில்: குழம்பாதவர் யாரும் இல்லை. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ, கையை அந்தத் திசையில் நகர்த்துங்கள். யோசனையே தேவைப்படாது. ஆனால் பலர் தவறுவது திசையில் இல்லை, அளவில். டிரெய்லர் உடனே திரும்பாது. திரும்பவில்லையே என்று இன்னும் ஒடிப்போம், அது திடீரென்று மடங்கத் தொடங்கும். கொஞ்சம் ஒடித்துவிட்டுக் காத்திருங்கள். திரும்பத் தொடங்கியதும் அதன் பின்னாலேயே கேபினைக் கொண்டுபோய் நேராக்குங்கள். கோணம் கைமீறுகிறதா? நிறுத்தி, முன்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி வாருங்கள். எத்தனை முறை முன்னால் எடுக்கலாம் என்பதற்குத் தேர்வில் கணக்கு இருக்கும். பயிற்சி தருபவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். இறங்கிப் பார்க்க அனுமதி இருந்தால் வெட்கப்படாமல் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு இறங்குங்கள், அவ்வளவுதான். பல வருடம் ஓட்டியவர்களும் இறங்கித்தான் பார்க்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, நான் உயரம் குறைவு. "பெண்ணுக்கு எதற்கு லாரி" என்று தேர்வாளரும் நினைப்பாரோ என்று தயக்கம்.

பதில்: நினைத்தால் நினைக்கட்டும் தங்கச்சி, அவர் கையில் இருக்கும் தாளில் உயரத்துக்குக் கட்டம் இல்லை. இப்போதைய லாரிகளில் பவர் ஸ்டியரிங் வந்துவிட்டது, வலு ஒரு பிரச்சினையே இல்லை. கிளட்சைத் தரைவரை மிதிக்கும்போது முதுகு சீட்டைவிட்டு எழக் கூடாது. அப்படிச் சீட்டை வைத்த பிறகு கண்ணாடிகளைச் சரிசெய்யுங்கள். காற்றில் ஏறும் சீட் என்றால், ஏர் டேங்க் (வண்டியில் காற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டி) நிறைந்த பிறகுதான் உயரம் சரியாக நிற்கும். அதுவரை கண்ணாடியைத் தொட வேண்டாம். இதற்கு நேரம் எடுத்துக்கொள்வதை யாரும் குறையாகப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: ஏர் பிரேக் பற்றி வாய்மொழியாகக் கேட்பார்களாமே? மனப்பாடம் செய்தும் மறந்துபோகிறது. எனக்கு வயது 46.

பதில்: மனப்பாடம் வேண்டாம் சார், காரணத்தைப் பிடியுங்கள். பார்க்கிங் பிரேக்கைப் பிடித்திருப்பது ஸ்பிரிங். காற்று அதை விடுவிக்கத்தான். எனவே காற்று போனால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். டேங்கில் காற்றழுத்தம் சுமார் 60 பி.எஸ்.ஐ-க்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கும்போதே எச்சரிக்கை வரும். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், 20 முதல் 45-க்குள் ஸ்பிரிங் பிரேக் விழுந்து வண்டி நடுரோட்டில் நிற்கும். ஏர் பிரேக்கில் மிதித்து மிதித்து விட்டால் காற்றுதான் வீணாகும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிப்புக் குறையும், அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். இந்த நாலும் புரிந்தால் எப்படிக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். வண்டியைச் சுற்றிப் பரிசோதிப்பதற்கும் ஒரே வழக்கம் வையுங்கள்: முன்பக்கம் தொடங்கி ஒரே திசையில் சுற்றி, ஒவ்வொன்றையும் தொட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். கால் நடக்கும் வரிசையில் ஞாபகமும் வரும்.

கேள்வி: என் கணவர் போன முறை ஃபெயில். அதற்குப் பிறகு பேச்சே குறைந்துவிட்டது. நான் என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: "இந்தத் தடவை கண்டிப்பாகப் பாஸ்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா, அது இன்னொரு பாரம். அவருக்குக் கொடுத்த மதிப்பெண் தாள் இருந்தால் இருவரும் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று விஷயத்தில்தான் மார்க் போயிருக்கும். திருப்பத்தில் பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறியதா? அப்படியென்றால் பழக வேண்டியது அது ஒன்றுதான்: பின்சக்கரம் எப்போதும் உள்ளே வெட்டும், எனவே இன்னும் கொஞ்சம் முன்னால் போய்த் திருப்ப வேண்டும், அது தாண்டும்வரை கண்ணாடியைவிட்டுக் கண் எடுக்கக் கூடாது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் ஆள் தானாகப் பேசத் தொடங்குவார்.

கேள்வி: இடது பக்கம் திரும்பச் சொல்லி, பதற்றத்தில் நான் வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டுவிட்டால்?

பதில்: வலது பக்கமே பத்திரமாகத் திரும்பிவிடுங்கள். வழி மாறியது பொதுவாகத் தவறில்லை. கடைசி நொடியில் ஸ்டியரிங்கை வெட்டி இழுப்பதுதான் தவறு. புது வழியை அவர் சொல்வார்.