வெளியே திறக்கிறது, ஆபீஸில் திறக்கவில்லை!

கேள்வி: எங்களுடையது சின்ன பனியன் கம்பெனி. ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஆபீஸிலேயே ஒரு சர்வர் வைத்திருக்கிறோம். ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கி, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பிவிடும் விதி) போட்டு, டொமைன் பெயரும் வைத்தாயிற்று. வெளியூர் பையர் பார்க்கிறார், நானும் மொபைல் டேட்டாவில் பார்க்கிறேன். ஆபீஸ் வைஃபைக்கு மாறினால் மட்டும் அதே முகவரி சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது. லைன் கொடுத்தவர் லைன் சரி என்கிறார், சர்வர் போட்டவர் சர்வர் சரி என்கிறார். யாரைக் கேட்பது?
- வாசகர், திருப்பூர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், சண்டை போடாதீர்கள். சிக்கல் ரவுட்டரில்தான், ஆனால் அது பழுது இல்லை.

உங்கள் சர்வர் 192.168.1.10, கணக்குப் பார்ப்பவரின் கம்ப்யூட்டர் 192.168.1.20, வெளி முகவரி 203.0.113.5 என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் 203.0.113.5-ஐக் கூப்பிடுகிறது. ரவுட்டர் போர்ட் ஃபார்வர்டிங் விதியைப் பார்த்து அதை சர்வருக்குத் திருப்பிவிடுகிறது. சர்வருக்கு வந்து சேர்ந்த பாக்கெட்டில், அதாவது தகவல் பொட்டலத்தில், அனுப்பியவர் 192.168.1.20 என்று இருக்கிறது. பக்கத்து மேஜைதானே, ரவுட்டரிடம் திரும்பப் போகாமல் ஸ்விட்ச் வழியாக நேரே பதிலைக் கொடுத்துவிடுகிறது. கம்ப்யூட்டரோ 203.0.113.5-இன் பதிலுக்காகக் காத்திருக்கிறது. 192.168.1.10-இலிருந்து வருவதை அது சேர்த்துக்கொள்ளாது, தள்ளிவிடும். நீங்கள் பார்க்கும் அந்தச் சுற்றல் இதுதான். சில ரவுட்டர்களில் இந்த அளவுக்குக்கூடப் போகாது, வெளிப்பக்கத்திலிருந்து வருவதற்கு மட்டுமே விதி வேலை செய்யும், அப்போது உங்கள் சைட்டுக்குப் பதிலாக ரவுட்டரின் லாகின் பக்கமே வந்து நிற்கும். அதுவும் இதே கதைதான்.

முதலில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் 192.168.1.10 என்று உங்கள் சர்வரின் உள் முகவரியை அடித்துப் பாருங்கள். திறந்தால் நான் சொன்னது உறுதி.

ரவுட்டர் உள் முகவரியையும் வெளி முகவரியையும் மாற்றிக் கொடுப்பதற்கு நேட் என்று பெயர். நம் சிக்கலுக்கு அதில் நேட் லூப்பேக் என்று ஒரு வசதி உண்டு. ஹேர்பின் நேட், நேட் ரிஃப்ளெக்‌ஷன் என்றும் போட்டிருப்பார்கள். இப்படித் திருப்பிவிடும் வசதி கட்டாயம் வேண்டும் என்று இணையத் தரநிலைகளை எழுதும் ஐஇடிஎஃப் 2007-இல் யுடிபிக்கும், 2008-இல் டிசிபிக்கும் (இரண்டும் இணையத்தில் தகவல் அனுப்பும் முறைகள்) சொல்லிவிட்டது, ஆனாலும் எல்லா ரவுட்டரிலும் ஒழுங்காக இருப்பதில்லை. சிலவற்றில் ஒரு டிக் போட்டால் போதும், மைக்ரோடிக் மாதிரியான ரவுட்டர்களில் நாமே இன்னொரு விதி எழுத வேண்டும்: உள்ளிருந்து சர்வருக்குப் போகும் பாக்கெட்டில் அனுப்புநர் முகவரியையும் ரவுட்டரின் முகவரியாக மாற்று என்று. அப்போது சர்வரின் பதில் ரவுட்டருக்கே போய், சரியான முகவரியோடு கம்ப்யூட்டருக்குத் திரும்பும்.

வேலை செய்யும், ஆனால் நான் இதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். ஒரு ஆபீஸில் இப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். சர்வரின் பதிவேட்டில் உள்ளிருந்து வந்தவர்கள் எல்லோரும் 192.168.1.1, 192.168.1.1 என்று வரிசையாக ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். ஒரு நாள் காலை ஒருவர் பாஸ்வேர்டை ஐந்து முறை தப்பாக அடிக்க, சர்வர் அந்த முகவரியைப் பூட்டியது. பூட்டியது ரவுட்டரின் முகவரியை அல்லவா, ஆபீஸ் மொத்தமும் வெளியே நின்றது! காரணம் பிடிபட எனக்கு மதியம் ஆகிவிட்டது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, உள்ளே இருப்பவர்களுக்கு டொமைன் பெயரைக் கேட்டால் உள் முகவரியே பதிலாகக் கிடைக்கும்படி வைப்பது. ரவுட்டரின் டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) பக்கத்தில் ஸ்டேட்டிக் என்றோ லோக்கல் என்றோ ஒரு இடம் இருந்தால், உங்கள் டொமைனுக்கு நேராக 192.168.1.10 என்று எழுதுங்கள். வெளியே அதே பெயர் 203.0.113.5-க்குப் போகும், உள்ளே நேராக சர்வருக்குப் போகும், பெயர் மாறாததால் சைட் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழும் முரண்டு பிடிக்காது. சர்வருக்கு முகவரி மாறாமல் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

இதில் வழக்கமாக சறுக்குவது இரண்டு இடத்தில். வெளியே 8080 என்று வைத்து உள்ளே 80-க்குத் திருப்பியிருந்தால், உள்ளிருந்து நேராகப் போகும்போது அந்தத் திருப்பல் நடக்காது. இரண்டு பக்கமும் ஒரே போர்ட்டாக வையுங்கள். அப்புறம், கம்ப்யூட்டர்களில் இரண்டாவது டிஎன்எஸ் என்று கூகுளின் 8.8.8.8 போட்டிருந்தால் சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது, பைத்தியம் பிடிக்கும். ரவுட்டர் முகவரி ஒன்று மட்டும் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு போனில் பிரைவேட் டிஎன்எஸ்ஸில் ஏதாவது சர்வர் பெயர் கொடுத்திருந்தாலும், பிரவுசரில் பாதுகாப்பான டிஎன்எஸ் ஓடிக்கொண்டிருந்தாலும் ரவுட்டரைக் கேட்காமல் வெளியே போய்விடும், அதையும் பாருங்கள்.

கேள்வி: மேலே உள்ளவருக்கு வெளியிலாவது திறக்கிறது. எனக்கு வெளியிலிருந்தும் திறக்கவில்லை. ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.72 என்று தொடங்குகிறது.
- வாசகர், கரூர்

பதில்: 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை இணைய கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. உங்கள் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் வெளியிலிருந்து வருவது உங்கள் வாசல்வரை வராது. ஸ்டேட்டிக் பப்ளிக் ஐபி கேளுங்கள். தர மறுத்தால், வெளியே ஒரு சிறிய கிளவுட் சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, ஆபீஸிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் இணைப்பைப் போட்டுவிடுங்கள், வெளியிலிருந்து வருபவர்கள் அந்த கிளவுட் சர்வர் வழியாக உங்கள் சர்வருக்கு வரட்டும். இணைப்பு உங்கள் பக்கத்திலிருந்து கிளம்புவதால் நடுவில் யாரும் தடுக்க மாட்டார்கள்.