உங்க வாத்தியார் யாரு?

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு 24 வயசு. எங்க சபை மூலமா மிஷனரியா வெளிநாடு வந்திருக்கேன், வந்து இன்னும் ஒரு வாரம் ஆகல. எந்த நாடுன்னும் என் பேரும் தயவுசெஞ்சு போடாதீங்க, இங்க அதனால சிக்கல் வரும். பயிற்சியில எல்லாம் சொல்லித்தான் அனுப்பினாங்க, ஆனா வந்து பாத்தா வேற மாதிரி இருக்கு. ராத்திரி தூக்கமே வரல, பகல்ல கண்ணு சொருகுது. கடைக்குப் போனா கையக் காட்டி வாங்கிட்டு வர்றேன். பஸ்ல ஒருத்தர் என்னமோ கேட்டார், சிரிச்சுட்டே தலைய ஆட்டினேன், அவர் முறைச்சார். ஊர்ல கன்வென்ஷன் மேடையில ஒரு மணி நேரம் நிக்காம பேசுவேன், இங்க ஊமை மாதிரி இருக்கேன். அம்மாகிட்ட வீடியோ கால்ல பேசறப்ப மட்டும்தான் நான் நானா இருக்கேன், ஒரு நாளைக்கு மூணு தடவையாவது பேசிடறேன். எனக்கு வந்த அழைப்பு நிஜமாவே கர்த்தர் கொடுத்ததுதானான்னு கூட சந்தேகம் வருது. எனக்கு முன்னாலயே இங்க வந்த ஒரு சகோதரர், மொழி கத்துக்கறேன்னு ரெண்டு வருஷத்த வீணாக்காதே, மொழிபெயர்ப்பாளர வெச்சுக்கிட்டு உடனே ஊழியத்த ஆரம்பின்னு சொல்றார். அவர் சொல்றது சரியா? அந்தக் காலத்துல நம்ம ஊருக்கு வந்த மிஷனரிகள் ஆரம்பத்துல எப்படி சமாளிச்சாங்கன்னு எழுதினீங்கன்னா ஆறுதலா இருக்கும்.

---

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தப் படிச்சதும் பதில் எழுத உக்காந்துட்டேன், ஏன்னா கொஞ்ச நாளாவே தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஞாபகமாவே இருக்கேன், அவர் கப்பல விட்டு இறங்கினப்ப அவருக்கும் உங்க வயசுதான்.

சின்ன விஷயங்கள முதல்ல முடிச்சுடறேன். தூக்கம் தானா சரியாகும், பகல்ல படுக்காம வெளிச்சத்துல நடங்க. பஸ்ல முறைச்சவர் இந்நேரம் உங்கள மறந்திருப்பார், நீங்களும் விட்டுடுங்க. அழைப்பு உண்மையான்னு கேட்டா அது உங்களுக்கும் உங்க கர்த்தருக்கும் நடுவுல உள்ளது, நான் அதுல மூக்க நுழைக்க மாட்டேன், ஆனா தூக்கமில்லாத ஒரு வாரத்துல எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீங்க. இதப் படிச்சதும் மதமாற்றம் சரியா தப்பான்னு சண்டைக்கு வர்றவங்க வருவாங்க, அந்தச் சண்டை இன்னைக்கு வேண்டாம்.

அம்மாகிட்ட பேசுங்க, ஆனா ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். உங்கள அனுப்பி வெச்சுட்டு அவங்களும் அங்க சரியா சாப்பிடாம இருப்பாங்க, அது எனக்குப் புரியாம இல்ல. மூணு தடவை பேசினா மீதி நேரம் பூரா அடுத்த காலுக்குக் காத்திருக்கறதுலயே போயிடும், வந்த ஊர்ல நீங்க இருக்கவே மாட்டீங்க.

இப்ப உங்களத் திட்டணும். கடிதத்த ரெண்டாவது தடவை படிச்சப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அதுல நீங்க இருக்கீங்க, அம்மா இருக்காங்க, சபை இருக்கு, அறிவுரை சொன்ன சகோதரர் இருக்கார், கர்த்தர் இருக்கார். அந்த நாட்டு ஆள் யாரு இருக்கா? பஸ்ல முறைச்ச ஒருத்தர். அவ்வளவுதானா? கையக் காட்டி சாமான் வாங்கினீங்களே, அத எடுத்துக் கொடுத்தது ஆம்பளையா பொம்பளையா, வயசானவங்களா சின்னப் பிள்ளையா? நீங்க தங்கற வீட்டுச் சாவிய உங்க கையில கொடுத்தது யாரு? பக்கத்துல யாரு குடியிருக்காங்க? அந்த ஜனங்களுக்காக பாரம் இருக்குன்னு ஜெபம் பண்ணி, கைவெச்சு அனுப்பி, கடல் தாண்டிப் போயிருக்கீங்க தம்பி, போய் இறங்கி இத்தன நாள்ல ஒருத்தர் பேரு கூட உங்களுக்குத் தெரியல. நீங்க ஊமையா இருக்கறதவிட இதுதான் எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுது.

நம்ம ஊருக்கு வந்தவங்க எப்படி சமாளிச்சாங்கன்னு கேட்டீங்க. சீகன்பால்குவும் அவரோட கூட வந்த மிஷனரி புளூட்சோவும் 1705 நவம்பர்ல கோபன்ஹேகன்ல கப்பல் ஏறி 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடி வந்து சேந்தாங்க. அனுப்பினது சாதாரண ஆள் இல்ல, டென்மார்க் ராஜா நாலாம் ஃபிரெடரிக். ஆனா இங்க கோட்டையில இருந்த டேனிஷ் கம்பெனிக்காரங்களுக்கு இவங்க வந்தது கொஞ்சமும் பிடிக்கல, கமாண்டர் ஹாசியஸ் மூஞ்சியக் காட்டி அனுப்பிட்டார், எங்க போறதுன்னு தெரியாம தெருவுல நின்னவங்களுக்கு யாரோ ஒருத்தர் இரக்கப்பட்டுத் தங்க இடம் கொடுத்தார். உங்களுக்கு விமான நிலையத்துக்கே ஆள் வந்திருப்பாங்க இல்லையா, அவங்களுக்கு வந்த முதல் நாள் அது. அப்புறம் அந்தக் கரையில வியாபாரத்துக்கு எல்லாரும் பேசிக்கிட்டிருந்த போர்ச்சுகீஸ் பக்கம் புளூட்சோ போனார், சீகன்பால்கு தமிழ எடுத்துக்கிட்டார்.

எப்படிக் கத்துக்கிட்டார்ங்கறதுதான் விஷயம். திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திக்கிட்டிருந்த ஒரு வயசான வாத்தியாரக் கூப்பிட்டு, ஐயா உங்க பள்ளிக்கூடத்த எங்க வீட்டுல வெச்சு நடத்துங்கன்னு கேட்டுக்கிட்டார். வாத்தியார் பிள்ளைங்களோட வந்தார். பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிச்சுங்க, ஜெர்மனியில பெரிய பல்கலைக்கழக ஊரான ஹாலேயில படிச்ச சீகன்பால்கு அந்தப் பிள்ளைங்களோட தரையில உக்காந்து அதே மாதிரி விரலால அ ஆ எழுதினார். அந்த வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது, அதனால எழுத்து வந்துச்சு, அர்த்தம் வரல. அதுக்கப்புறம்தான் அழகப்பன் வர்றார், ஐரோப்பிய ஆவணங்கள்ல அலெப்பான்னு இருக்கற ஆள், முன்னால கம்பெனிக்கே துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவர், போர்ச்சுகீஸ், டேனிஷ், டச்சு, ஜெர்மன்னு பல மொழி தெரிஞ்சவர். இவர் கையப் பிடிச்சுக்கிட்டுதான் சீகன்பால்கு தமிழுக்குள்ள நடந்தார். வந்து ரெண்டே வருஷத்துல, 1708-ல, தான் சேத்து வெச்ச தமிழ் ஓலைச்சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதறார், அதுல நூறுக்கு மேல நூல் இருக்கு, ஒவ்வொண்ணப் பத்தியும் குறிப்பு இருக்கு. அதே வருஷக் கடைசியில ஹாசியஸ் அவரப் பிடிச்சு நாலு மாசம் கோட்டைக்குள்ள அடைச்சும் வெச்சார், அது தனிக் கதை.

இத எல்லாரும் சீகன்பால்கு பெருமையாத்தான் சொல்றாங்க, ஜெர்மன்காரர் நம்ம மொழியக் கத்துக்கிட்டார் பாருன்னு. சரி, கத்துக்கிட்டார், 1715-ல புதிய ஏற்பாட்டத் தமிழ்ல அச்சுப் போட்டு முடிச்சார், 36 வயசுல செத்து அங்கயே அவர் கட்டின புது எருசலேம் கோயில்ல அடக்கம் ஆனார், பெரிய மனுஷன்தான், நான் மறுக்கல. ஆனா சொல்லிக் கொடுத்தது யாரு? அந்தக் கிழவருக்குத் தரங்கம்பாடியில சிலை இருக்கா? மிஷனரிகளோட பழகினதுக்கு அழகப்பன் ஊர விட்டே போக வேண்டி வந்துச்சு, அவர் பேர எத்தன பேருக்குத் தெரியும்? 1712-லேருந்து 1714 வரைக்கும் தமிழர்கள்கிட்ட சீகன்பால்கு கேள்வி கேட்டு அனுப்ப, அவங்க எழுதின பதில் கடிதங்கள் ஜெர்மன்ல மொழிபெயர்த்து ஹாலேயில அச்சாச்சு, உங்க சாமி என்ன, எங்க மேல உங்களுக்கு என்ன குறைன்னு மிஷனரிங்க கேட்க தமிழர்கள் வெளிப்படையா சொல்ற கடிதங்கள், அதுல நிறைய அழகப்பன் எழுதினதுன்னு ஆய்வாளர்கள் கருதறாங்க. மூணு நூற்றாண்டா நாம சொல்லிக்கிட்டிருக்கற கதையில பாதி ஆள் இல்ல.

இது ஒரு தடவை நடந்தது இல்ல, அதனாலதான் இத விட முடியல என்னால. 1606-ல மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலிக்கு சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தவர் சிவதர்மன். ஜி.யு.போப் 1839-ல 19 வயசுல சென்னைக்கு வந்தார், கப்பல்லயே தமிழ் ஆரம்பிச்சுட்டார்னு புகழ்வாங்க, வந்த பிறகு அவருக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்த இராமாநுச கவிராயர எத்தன பேர் சொல்றாங்க? யாழ்ப்பாணத்துல பெர்சிவல் பாதிரியார் பைபிள் மொழிபெயர்ப்புல கூட உக்காந்து உழைச்சது ஆறுமுக நாவலர். அந்த நாவலர்தான் 1848-ல வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு, கடைசி வரைக்கும் மிஷன எதிர்த்து எழுதிக்கிட்டும் பேசிக்கிட்டும் இருந்தார். தம்பி, இத நல்லா மனசுல போட்டுக்குங்க. உங்களுக்கு மொழி கொடுக்கறவர் உங்க பக்கம் வருவார்னு கணக்குப் போட்டுப் பழகாதீங்க. இவர் ஆதாயமாவாரா ஆகமாட்டாரான்னு பாக்கற பார்வைய மனுஷன் ஒரு நொடியில கண்டுபிடிச்சுடுவான், மொழி தெரியலன்னாலும் அது தெரியும். அவர் கடைசி வரைக்கும் அவரா இருக்கலாம், உங்கள எதிர்த்தும் பேசலாம், அப்பவும் அவர் உங்க வாத்தியார்தான், அந்த மரியாதை குறையக் கூடாது.

நான் படிச்ச பள்ளிக்கூடத்துல வெளிநாட்டுலேருந்து வந்த ஒரு வயசான சிஸ்டர் இருந்தாங்க. அவங்க பேசறது புத்தகத் தமிழ் கிடையாது, அசல் திருநெல்வேலித் தமிழ், "எங்கன போறிய", "சாப்ட்டியளா"ன்னுதான் கேப்பாங்க, பிஷப் வந்தாலும் அதேதான். காரணம் என்னன்னா சின்ன வயசுல இங்க வந்து இறங்கினப்ப அவங்க பாஷை படிக்கப் போன இடம் ஹாஸ்டல் அடுக்களை. அங்க சமைச்ச அம்மா பக்கத்துல உக்காந்து உள்ளி உரிச்சுக்கிட்டே ஒவ்வொண்ணையும் காட்டிக் காட்டிப் பேரு கேட்டிருக்காங்க, தப்பாச் சொன்னா அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாங்களாம், திரும்பச் சொல்ல வைப்பாங்களாம். நாங்க படிக்கறப்ப அந்த அம்மாவுக்குக் கண்ணு மங்கிப் போயிருந்துச்சு, வேலை செய்ய முடியல, ஆனாலும் சாயங்காலம் ஆச்சுன்னா சிஸ்டர் அவங்க வீட்டுக்குப் போயி கட்டில்ல உக்காந்து ஊர்க்கதை எல்லாம் பேசிட்டுத்தான் வருவாங்க. எங்க யாருக்கும் அந்த சிஸ்டர் வெளிநாட்டுக்காரங்கங்கற நெனப்பே இருந்ததில்ல. எத்தன மிஷன் அறிக்கை படிச்சாலும் எனக்கு அந்தக் கட்டில்தான் கண்ணுக்கு வருது.

நீங்க தமிழ்நாட்டுலேருந்து போயிருக்கீங்கங்கறதால இன்னொண்ணும் சொல்லணும். நம்ம ஆளுங்க மிஷனரிகள வாங்கிக்கிட்டவங்களா மட்டும் இல்லாம அனுப்பறவங்களாவும் ஆகி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. திருநெல்வேலியில இந்திய மிஷனரி சங்கம் 1903-ல ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷமே தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல்லுக்கு ஆள் போனாங்க. அத ஆரம்பிச்சதுல முக்கியமானவர் வெள்ளாளன்விளை அசரியா, பின்னால அவரே தோர்ணக்கல்லுக்குப் போயி தெலுங்கு கத்துக்கிட்டு ஊழியம் செஞ்சவர், அங்கயே பிஷப் ஆனவர். 1910-ல எடின்பரோவுல உலக மிஷனரி மாநாடு நடந்துச்சு, வெள்ளைக்காரங்க நிறைஞ்ச சபை, அங்க எழுந்து நின்னு அசரியா சொன்னார், ஏழைங்களுக்கு உங்க பொருளக் கொடுத்தீங்க, உங்க சரீரத்த சுட்டெரிக்கக் கொடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்கறோம், எங்களுக்கு நண்பர்களக் கொடுங்கன்னு. 35 வயசுல, அவங்க முகத்துக்கு நேரா. மிஷனரிங்க உயிரையே கொடுத்தாங்க, ஆனா கூட உக்காந்து சாப்பிடல, வீட்டுக்குக் கூப்பிடல, அதுதான் அவர் வருத்தம். அன்னைக்கு நம்ம ஆள் வெள்ளைக்காரங்கள பாத்துக் கேட்ட அந்தக் கேள்விய இன்னைக்கு நீங்க போயிருக்கற நாட்டு ஆள் உங்களப் பாத்துக் கேப்பார். வாங்கின இடத்துலேருந்து கொடுக்கற இடத்துக்குப் போனதும் நாமளும் அதே மாதிரி ஆயிடறோம்ங்கறதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

அதனால நாளைக்குக் காலையில அந்தக் கடைக்கே திரும்பப் போங்க. கையில ஒரு சின்ன நோட்டு எடுத்துக்குங்க. உங்க பேர சொல்லி நெஞ்சத் தொட்டுக் காட்டுங்க, அவங்க பேர கேளுங்க, எழுதிக்குங்க. ஒரு சாமானக் காட்டி அதுக்கு என்ன சொல்லணும்னு கேளுங்க. சிரிப்பாங்க, சிரிக்கட்டும், உங்கள மேடையில பாத்து யாரும் அப்படிச் சிரிச்சிருக்க மாட்டாங்க, அது உங்களுக்கு நல்லது. சில நாள்ல யாராவது ஒருத்தர் உங்களத் திருத்தறதுல அக்கறை காட்டுவாங்க, அவங்கள விட்டுடாதீங்க. கொஞ்சம் பழகினதும் சொல்லிக் கொடுக்கற நேரத்துக்குக் காசு கொடுங்க, பாஸ்டர் தம்பின்னு இலவசமா வாங்காதீங்க, ஊழியத்துக்கு உதவின்னு சொல்லி யாரோட உழைப்பையும் சும்மா எடுக்காதீங்க. உங்க சபைக்கு அனுப்பற அறிக்கையில அவங்க சம்மதத்தோட அவங்க பேரு இருக்கட்டும், அவங்களுக்கு ஆபத்து வரும்னா மட்டும் மறைச்சுக்குங்க.

மொழிபெயர்ப்பாளர் பத்திக் கேட்டிருந்தீங்க, மறந்தே போயிட்டேன். விசா ஆபீஸ், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், வீட்டு ஒப்பந்தம், இதுக்கெல்லாம் கண்டிப்பா வெச்சுக்குங்க, இல்லாட்டி மாட்டிக்குவீங்க. பிரசங்கம் பண்ண வேண்டாம், ரெண்டு வருஷம் ஆனாலும் பரவால்ல. அந்த சகோதரர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம், வயசுல பெரியவர், சண்டை வந்துடும். அவர் எத்தன வருஷமா அங்க இருக்கார்னு கேளுங்க, அந்த ஊர்ல யார் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்னும் கேளுங்க.

அன்புடன்,
அண்ணன்