நடுநிலையான தமிழ்ச் செய்திச் சேனல் எது?

எந்தச் சேனலை நம்பிப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் நீங்கள் கவலைப்படுவது கட்சிச் சார்பைப் பற்றி. அதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். விளம்பரச் சார்புதான் கண்ணில் படாது.

கட்சி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2001 ஜூன் 30 அன்று விடியும் முன்பே மேம்பால வழக்கில் கருணாநிதியைக் கைது செய்தார்கள். போலீசார் அவரை இழுத்துச் செல்லும் காட்சியைச் சன் டிவி திரும்பத் திரும்பப் போட்டது. ஜெயா டிவியைத் திருப்பினால், அடி வாங்கியதே போலீசார்தான் என்பதுபோல ஒரு காட்சி. பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. எது யார் டிவி என்று ஊருக்கே தெரியும். 2007இல் சன் டிவி நடத்தும் மாறன் சகோதரர்களோடு கருணாநிதிக்குப் பிணக்கு வந்ததும் கலைஞர் டிவி பிறந்தது, அரசே நடத்தும் 'அரசு கேபிள்' இணைப்பும் பிறந்தது. 2008 டிசம்பரில் இரு தரப்பும் சமாதானமாகி, கருணாநிதி சொன்னதுபோல 'கண்கள் பனித்து இதயம் இனித்த' பிறகு அரசு கேபிள் படுத்துவிட்டது. 2011இல் மாதம் 70 ரூபாய் என்று அதை எழுப்பி நிறுத்தியவர் ஜெயலலிதா. அவர் மறைந்தபின் ஜெயா டிவி சசிகலா குடும்பத்தின் பக்கமே நின்றுவிட்டதால், 2018இல் எடப்பாடி தரப்பு நியூஸ் ஜெ தொடங்க வேண்டியதாயிற்று. எல்லாம் வெளிப்படையாக நடந்த கூத்து. பார்க்கிறவர் அதற்குத் தகுந்த கழிவு போட்டுக்கொண்டு பார்க்கலாம்.

அடுத்தது காசு. நான் சில வருடங்கள் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக இருந்தவன். பத்திரிகையின் பெயர் வேண்டாம். சம்பளம் என்று ஒன்று கிடையாது. அச்சில் வந்த செய்திக்குக் கொடுத்தது பெட்ரோலுக்கே பற்றாது. வீட்டுச் செலவு ஓடியது விளம்பரக் கமிஷனில்தான். தீபாவளி மலர், பொங்கல் மலர், எம்.எல்.ஏ. பிறந்தநாள் என்று ஒவ்வொன்றுக்கும் டார்கெட். காலையில் ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம் கால் பக்க விளம்பரம் கேட்டு நிற்கிறேன். அவர் நடைபாதையை மறித்துக் கட்டிய படிக்கட்டைப் பற்றி மாலையில் நானே எழுத வேண்டும். எப்படி எழுதுவது? எழுதாதே என்று அலுவலகத்தில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் வைத்துக்கொண்டதும் இல்லை.

ஒருமுறை கல்லூரிப் பேருந்து மோதி ஒரு பெரியவர் இறந்துபோனார். நான் அனுப்பிய செய்தியில் கல்லூரியின் பெயர் இருந்தது. மறுநாள் பேப்பரில் 'தனியார் கல்லூரி பேருந்து' ஆகிவிட்டது. ஓட்டுநருக்கு மட்டும் பெயர், வயது, தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் ஒழுங்காக வந்திருந்தது. அட்மிஷன் நேரம் அது. அதே வாரம் அந்தக் கல்லூரியின் முழுப்பக்க விளம்பரமும் வந்தது. இன்றைய பேப்பரை எடுத்துப் பாருங்கள். ஆடு திருடியவனுக்கு முழு விலாசம் இருக்கும், ரெய்டு நடந்த இடம் 'பிரபல நகைக்கடை'யாக இருக்கும்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 2009 மகாராஷ்டிரத் தேர்தலில் முதல்வர் அசோக் சவாணைப் புகழும் ஒரே கட்டுரை, போட்டிப் பத்திரிகைகளான மூன்று மராத்தி நாளிதழ்களில் வரி மாறாமல் வந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை 'தி ஹிந்து'வில் அம்பலப்படுத்தினார். பத்திரிகை விளம்பரத்துக்குச் சவாண் காட்டிய தேர்தல் செலவு 5,379 ரூபாய்! இந்த 'காசுக்குச் செய்தி' விவகாரத்தை விசாரித்த இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் துணைக்குழு, பத்திரிகைகளின் பெயரைப் போட்டே அறிக்கை எழுதியது. 2010இல் கவுன்சில் வெளியிட்ட சுருக்கத்தில் அந்தப் பெயர்கள் காணோம். முழு அறிக்கை 2011இல்தான், அதுவும் மத்திய தகவல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகு வெளியே வந்தது. பத்திரிகைகளுக்கே 'பிரபல நகைக்கடை' சலுகை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நான் என்ன பார்க்கிறேன்? முதலாளி யார் என்று முதலில் பார்ப்பேன். புதிய தலைமுறை எஸ்.ஆர்.எம். குழுமத்தைச் சேர்ந்தது. நியூஸ் 18க்குப் பின்னால் ரிலையன்ஸ். என்டிடிவி 2022 கடைசியில் அதானி கைக்குப் போனது. அதற்காக அவர்கள் சொல்வதெல்லாம் பொய் என்று ஒதுக்குவதில்லை, நல்ல நிருபர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். முதலாளி தொழில் செய்யும் துறையைப் பற்றிய செய்தியை மட்டும் வேறு இடத்தில் சரிபார்த்துக்கொள்வேன். கல்விக் கட்டணம் பற்றிய செய்தி என்றால், கல்லூரி நடத்தாதவர்களின் பேப்பரில் ஒருமுறை பார்ப்பேன்.

அப்புறம், நீங்கள் ஒதுக்க நினைக்கும் கட்சிச் சேனல்களை நான் ஒதுக்குவதில்லை. உள்ளூர் விஷயத்துக்கு எதிர்க்கட்சிக்காரர் சேனல் ரொம்ப உபயோகம். சாக்கடை கட்டாமலே பில் போட்ட ஆளுங்கட்சிக் கவுன்சிலர் யார், எந்த வார்டு, எவ்வளவு தொகை என்று பெயரோடு போடுகிறவர்கள் அவர்கள்தான்.